என் காமிராவும் காசிமேடும்

கதை எழுதுகிறவனுக்கு இன்னொரு பொழுதுபோக்கு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் முதல் இடம் என் மனைவிக்கு. "எழுத்து வேலையே பொழுதுபோக்கு மாதிரிதான் நடக்கிறது, அதற்கு மேல் காமிரா வேறா?" என்பது அவள் கட்சி. என்னிடம் பதில் இருக்கிறது. கதையில் மழை வேண்டுமென்றால் ஒரு வரி எழுதினால் போதும், கொட்டோ கொட்டென்று கொட்டிவிடும். வேண்டாத மனிதரை ரயிலேற்றி டில்லிக்கு அனுப்பிவிடலாம். காமிராவிடம் இந்த ஜம்பமெல்லாம் பலிக்காது. எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். நாளெல்லாம் உலகத்தை இஷ்டப்படி மாற்றி எழுதிக்கொண்டிருப்பவன், விடியற்காலை ஒரு மணி நேரமாவது உள்ளதை உள்ளபடி பார்ப்பது உடம்புக்கு நல்லது.

என் தகப்பனார் 'அக்ஃபா கிளிக் 3' என்ற காமிரா வைத்திருந்தார். சுருளுக்கு 12 படம். அந்த 12 படத்தையும் தீர்க்க அவருக்கு ஒரு வருஷம் பிடிக்கும். பொங்கலுக்கு இரண்டு, தீபாவளிக்கு இரண்டு, திருப்பதி யாத்திரைக்கு நாலு, மிச்சம் நாலு யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் என்று கணக்கு. இன்றைக்கு என்னிடம் இருக்கும் டிஜிட்டல் காமிராவில் ஒரே காலையில் 300 படம் எடுத்துத் தள்ளலாம். ஆனாலும் ஒரு நடைக்கு 12 படம் என்று விரதம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தாண்டினால் கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது, விரல் மட்டும் வேலை செய்கிறது.

கடலையும் வானத்தையும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மகாபலிபுரம் போவார்கள். வசதி உள்ளவர்கள் கன்னியாகுமரி போவார்கள். நான் வண்ணாரப்பேட்டைக்காரன். கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வியாபாரம் செய்த நாளில், நெய்து வந்த துணியை வெளுத்து வெயிலில் உலர்த்திக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் இது. சலவைத் துணிக்கும் போட்டோவுக்கும் எஜமான் ஒருவனே, சூரியன். ஆகவே ஊர் வழக்கத்தை நான் விட்டுவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தால், ராயபுரத்தைக் கடந்து கால் மணியில் காசிமேட்டுக் கடற்கரை.

நம் பக்கத்துச் சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் சோம்பேறிகளுக்கு இரங்குவதில்லை. ஜூன் மாதத்தில் 5.45க்கு முன்பே எழுந்துவிடுவான். ஜனவரியில் கொஞ்சம் சலுகை, 6.30 வரை படுத்திருப்பான். ஐரோப்பாவில் அவன் சாய்வாக ஏறுவதால் இளவெளிச்சம் வெகு நேரம் தங்குமாம். இங்கே ஏணி வைத்து ஏறுகிற மாதிரி நேர்க்குத்தாக ஏறுகிறான். நல்ல வெளிச்சம் அரை மணிதான். அதற்குப் பிறகு எல்லாம் வெளுத்துப்போய்விடும். எழுகிற இடமும் ஒன்றல்ல. மார்கழியில் தென்கிழக்கே துறைமுகத்துப் பக்கம் ஒதுங்கி நிற்பான். ஆனியில் எண்ணூர்ப் பக்கம் தள்ளி வருவான். ஒரே பாறையின் மேல் வருஷம் பூராவும் நின்றால், அவன் வடக்கும் தெற்குமாக உலாவுவதை மாதக் கணக்கில் பார்க்கலாம்.

கடலையும் வானத்தையும் ஒரே படத்தில் பிடிப்பது பழைய தகராறு. வானத்துக்கு அளந்தால் கடல் கறுத்துப்போகும். கடலுக்கு அளந்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீலத்தின் மேல் அபார மோகம். தரை பதிவதற்குள் வானம் எரிந்து போய்விடும். குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1850களில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து, அச்சிடும்போது இரண்டையும் சேர்த்தார். 1856ல் சென்னை அரசாங்கம் புகைப்படக்காரராக நியமித்த லினியஸ் ட்ரைப் இன்னும் துணிச்சல்காரர். 1858ல் தஞ்சாவூர், மதுரை எல்லாம் சுற்றி அருமையான படங்கள் எடுத்தவர் அவர். அதற்கு முன் பர்மாவில் எடுத்த படங்களில் வானம் காலியாக விழுந்தபோது, நெகடிவின் மேல் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிவிட்டார்! இந்தச் சமாசாரத்தைப் படித்த பிறகு, கம்ப்யூட்டரில் வானத்தைச் சற்று இருட்டாக்கிக்கொள்ளும் இன்றைய இளைஞர்களிடம் எனக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது.

ட்ரைப்புக்கு உத்தியோகம் கிடைத்த அதே 1856ல்தான் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தார்கள். தென்னிந்தியாவில் முதல் நிலையம் அது. ஆற்காட்டுப் பக்கம் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்தக் கட்டடத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கடலில் மேகம் மூடிவிட்ட நாட்களில் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அந்தத் தூண்களை எடுத்துக்கொண்டு வருவேன். அவை அசைவதில்லை, உப்புத் தண்ணீரை வாரிக் கண்ணாடியில் இறைப்பதும் இல்லை.

முதல் முதலாக என் படங்களைப் பார்த்த தெற்குச் சென்னை நண்பர் ஒருவர், "எல்லாம் சரி, மணல் எங்கே ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் படங்களில் பெரும்பாலும் கருங்கல்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே கொட்டிய கல்லே கரை.

மணல் எங்கே போயிற்று என்பது ஒரு நாவலுக்குப் போதுமான கதை. நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும் பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்துகொண்டு போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்ச நாள் திரும்பி வந்தாலும், வரவு செலவு பார்த்தால் வடக்கேதான் அதிகம் போகும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து கட்டியதைச் சிதைத்தது; மறுபடியும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர், வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை வழிமறித்தது. தெற்கே மணல் குவியக் குவியக் கடல் பின்வாங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். நாம் சுண்டல் தின்கிற மெரினாவின் அகலம் இப்படி வந்ததுதான். வடக்கே கடலுக்குக் கொடுக்க மணல் இல்லை. கடல் தரையைத் தின்ன ஆரம்பித்தது. தெருத் தெருவாகத் தின்றது. பிறகு கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டது ஒரு மார்கழிக் காலையில், திருவொற்றியூரில், பட்டினத்தார் சமாதிக்கு வடக்கே கல்லின் மேல் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார் எடுக்கிற?"

"கடலை எடுக்கிறேன், பெரியவரே."

"கடலை எல்லாரும்தான் எடுக்கிறாங்க. எங்க வூட்ட ஒண்ணு எடு சார்."

"எந்த வீடு?" என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கடலுக்குள் கையை நீட்டினார்.

"அதோ, அலை ஒடையுது பாரு, அதுக்குக் கொஞ்சம் அந்தாண்ட. வூட்டுக்கு முன்னால தெரு. தெருவுக்கு முன்னால வலை காயப்போடற மணலு. அதுக்கும் அந்தாண்டதான் அப்பல்லாம் கடலு."

நான் காமிராவைத் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம் தெக்கால... அவ்ளோ வாணாம்... ஆங், அங்கதான்" என்று அவரே இடம் சொன்னார். அன்றைய 12 படங்களில் ஒன்று இப்படிப் போயிற்று. அடுத்த வாரம் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் தண்ணீரின் மேல் ஓர் இடத்தைத் தொட்டு, "வாசப்படி இங்க வரும்" என்றார். பக்கத்தில் நின்ற பேரப்பையனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். பையன் தாத்தா முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதி என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே!" என்கிறார்கள்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. கொசஸ்தலையாறு கடலில் சேருமிடம் அது. இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பதை அங்கே பார்க்கலாம். பின்னணியில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். சிவந்த வானத்தின் முன்னால் புகை எழும்போது அழகாகவே இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்ததை மீனவர்களும் தொண்டர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் மறுபடியும் முகத்துவாரத்தில் புகுந்தது. அப்போது நான் எடுத்த வர்ணப் படம் ஒன்றைப் பார்த்து ஒரு ரசிகர், "தண்ணீரில் வானவில்!" என்று மெய்மறந்தார். அது எண்ணெய் என்று சொன்னேன். படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு விஷயம் பேச ஆரம்பித்தார். அன்று முதல் எண்ணூர்ப் படங்களின் பின்புறத்தில் தேதியையும், தண்ணீரில் இருப்பது என்ன என்பதையும் இரண்டு வரி எழுதிவைக்கிறேன். அழகு தானாகப் பேசிக்கொள்ளும் என்று மற்ற ஊர்களில் விட்டுவிடலாம். இந்தக் கரையில் அதற்கு ஒரு துணை வேண்டும்.

வாசகர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் நீங்களும் வரலாம். 2021லிருந்து மெட்ரோ ரயில் திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடுகிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பாசி படிந்த கல் எழுத்தாளன் என்றும் ரசிகன் என்றும் பார்க்காது. கண்ணாடி துடைக்கப் பழைய மல் துணி ஒன்று அவசியம். துறைமுகத்துப் பக்கம் படம் எடுக்கக் கூடாதென்று பலகை இருந்தால் அதற்கு மரியாதை கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படத்துக்கு நல்ல காலம், படகுக்காரர்களுக்குச் சம்பாத்தியம் இல்லாத காலம். ஆகையால் முகத்தை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களை வேறு ஏதாவது எடுக்கச் சொன்னால், மறுக்காமல் எடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து, படத்தில் மணல் இல்லையே என்று மட்டும் குறைப்படாதீர்கள். அது எங்கே இருக்கிறதென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.