புளியந்தீவுக் கோட்டையும் படைக்கணக்கும்

மட்டக்களப்பு வாவி, இலங்கையின் கிழக்குக் கடற்கரைக்கு இணையாக, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டுகிடக்கும் உவர்நீர்ப் பரப்பாகும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் இப்பகுதியார் வழங்குவர். மட்டக்களப்பு நகரின் பழைய மையமான புளியந்தீவு வாவிக்குள் அமைந்த சிறு தீவு. அதன் ஓர் ஓரத்தில், இரு பக்கம் வாவியும் மற்றை இரு பக்கம் அகழியும் காக்க, நான்கு கொத்தளங்களோடு ஒரு சதுரக் கோட்டை நிற்கிறது. இக்கோட்டைக்குள் எத்தனை வீரரை வைத்தால் கீழ்க்கரை அமைதியாயிருக்கும் என்ற கேள்வி போர்த்துக்கேயரின் கோவாவிலும், ஒல்லாந்தரின் பத்தாவியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும், ஆங்கிலேயரின் லண்டனிலும் இரண்டரை நூற்றாண்டுகளாக எழுந்துகொண்டேயிருந்தது. ஆனால் அதற்குரிய விடை வாவிக்கரை மக்களின் தேவையை அளந்து ஒருபோதும் சொல்லப்படவில்லை.

நிலத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் இக்கேள்வியை விளங்கிக்கொள்ள முடியாது. வாவி கடலோடு சேரும் இடங்கள் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ளன. முகத்துவாரம் எனப்படும் இவ்வாய்கள் வறண்ட மாதங்களில் மணல் மூடி அடைபட்டு, மாரிமழையின் வெள்ளம் பெருகும்போது உடைத்துக்கொள்ளும். ஆழமான அடியுடைய கப்பல்கள் உள்ளே வர இயலாமையால், அவை வெளியே நங்கூரமிட்டு, ஆளையும் பொருளையும் தோணிகளில் இறக்கவேண்டியிருந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் அரிதாயிற்று. ஆகவே, கோட்டையில் நிலையாகத் தங்கிக் காவல்செய்யும் படை, அதாவது காவற்படை, ஆண்டின் ஒரு பகுதியில் கடல்வழி உதவியை எதிர்பார்க்க முடியாமல், படுவான்கரை நெல்லையும் வாவி மீனையும் நம்பியே உயிர்வாழ்ந்தது. படையைப் பெருக்கினால் அதற்கு ஊட்டும் சுமையும் அதே வயல்களின்மேல் ஏறும் என்பதால், இங்கே வீரர் எண்ணிக்கை என்பது நெற்கணக்கோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்திருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலைநாட்டில் உப்பு விளையாது; கண்டி இராச்சியத்து மக்கள் தாவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் பாக்கும் மெழுகும் கொண்டுவந்து, கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிச் சென்றனர். துறையை அடைத்தவன் மலைநாட்டு அடுப்பையே அடைக்கலாம் என்பது ஐரோப்பியர் கண்டுகொண்ட உண்மை. சிறிய படையொன்று பெரிய அரசொன்றை நெருக்கக்கூடிய இடம் இது என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது.

கண்டி மன்னரும் அதை அறிந்தேயிருந்தனர். 1602இல் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, முதலாம் விமலதர்மசூரிய மன்னரைக் காணக் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரை எதிர்க்க வெளித்துணை கிடைக்கும் வாயில் இவ்வாவி என்பது உறுதியாயிற்று. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து துரத்திய முஸ்லிம்களைச் செனரத் மன்னர் 1626இல் இப்பகுதியில் குடியமர்த்தினார். இவ்வாயிலை மூடும் நோக்கோடு, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா 1628இல் புளியந்தீவில் கோட்டை எழுப்பினார். உள்ளூர்க் கலகம் எதையும் அடக்குவதற்காக அது கட்டப்படவில்லை. கண்டிக்கும் வெளிக்கடலுக்கும் இடையே ஒரு பூட்டைப் போடுவதே அதன் வேலை. கட்டிய தளபதி 1630இல் ஊவாவில் படையோடு அழிந்தார்.

பூட்டின் சாவி யாரிடம் இருப்பது என்பதைப்பற்றிய வழக்கு 1638இல் எழுத்துவடிவம் பெற்றது. அவ்வாண்டு மே 18இல் ஆடம் வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படையும் இரண்டாம் இராஜசிங்க மன்னரின் படையும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்ற, மே 23இல் இரு தரப்பும் இங்கேயே உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. போர்ச்செலவைக் கறுவா, மிளகு, மெழுகு முதலிய விளைபொருள்களாக மன்னர் ஈடுசெய்வது என்றும், கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது என்றும் அதில் கண்டிருந்தது. மன்னரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், அப்படை மன்னர் விரும்பினால் மட்டுமே வைக்கப்படும் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அந்நிபந்தனை இல்லை. அந்நியப் படை ஒரு நாட்டில் எத்தனை பேராய், எவ்வளவு காலம், எவர் இசைவோடு தங்கலாம் என்ற முழு வினாவும் இந்த ஒரு வாசகத்தில் அடங்கியிருந்தது. 1640இல் காலியையும் நீர்கொழும்பையும் பிடித்த ஒல்லாந்தர், கடன் தீரவில்லை என்று காரணம் காட்டி அவற்றைத் தம்வசமே வைத்துக்கொண்டனர். படையின் செலவே கடனை வளர்க்க, கடனே படை நீடிப்பதற்கு நியாயமாயிற்று. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் இதனைச் சொல்வதில் மிகையேதும் இல்லை. எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாத அந்த விடுபாட்டைச் சூழ்ச்சி என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. ஏனெனில் அதனால் பயனடைந்தவர் ஒரு தரப்பினர் மட்டுமே.

இடையில் தாம் விட்டுநீங்கியிருந்த மட்டக்களப்பை ஒல்லாந்தர் 1668இல் மீண்டும் பிடித்தனர். இலங்கை ஆளுநராயிருந்த ரைக்லொஃப் வான் கூன்ஸ், கறுவா வணிகத்தில் தம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு மட்டுமே உரிமை நிலைக்கவேண்டுமாயின் தீவின் எல்லாத் துறைகளையும் பிடித்து, ஒவ்வொன்றிலும் காவற்படை வைக்கவேண்டும் என்று வாதிட்டார். அக்கம்பனியின் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த தலைமை ஆளுநர் யோவான் மாட்சைக்கர் அதனை ஏற்கவில்லை. அவரும் முன்பு இலங்கையை ஆண்டவரே. மன்னரோடு இணக்கமாக இருந்தால் குறைந்த கோட்டைகளும் குறைந்த வீரரும் போதும், புதிதாகப் பிடிக்கும் நிலம் தரும் வருமானத்தைவிட அதைக் காக்கும் செலவே மிகும் என்பது அவர் தரப்பு. இவ்விவாதத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் யாழ்ப்பாணத்தவரான வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் முதன்மையானவர்.

இருவருள், ஆம்ஸ்டர்டாமிலிருந்த கம்பனி இயக்குநர்கள் யார் பக்கம் சாய்வது என்று தீர்மானிப்பதற்கும் காலம் போதவில்லை. கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல் நல்ல காற்றிலும் பல மாதங்கள் எடுக்க, ஒரு கேள்விக்கு மறுமொழி வந்துசேர ஓராண்டுக்குமேல் சென்றது. அதற்குள் கிழக்குக் கரை வேறொரு நிலையை அடைந்திருக்கும். 1670இல் கண்டிப் படைகள் தாக்கின. 1672இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக் குடாவில் வந்து நின்றது. ஒவ்வொரு துறையிலும் சிதறிக்கிடந்த சிறு படைகள் ஒன்றையொன்று காக்கமுடியாமல் போனதைக் கண்ட பின்னர் மாட்சைக்கரின் எச்சரிக்கை வலுப்பெற்றது. வான் கூன்ஸின் கணக்கு வரைபடத்தில் சரியாயிருந்து நிலத்தில் தவறியது. கோட்டைகளை எண்ணிய அவர், அவற்றுக்கு இடையே கிடந்த காட்டையும் காய்ச்சலையும் எண்ணவில்லை.

அப்படியாயின், படை சிறுத்திருந்த காலங்களில் வாவிப் பகுதியில் அமைதியைக் காத்தவர் யார்? கோறளை, ஏறாவூர், மண்முனை, போரதீவு, எருவில், கரவாகு, சம்மாந்துறை, அக்கரை எனப் பற்றுகளாகப் பிரிந்திருந்த இந்நாட்டில், பற்று என்பது ஓர் ஆட்சிப்பிரிவு. அதன் தலைவர் வன்னிமை எனவும், பெருநிலக்காரர் போடியார் எனவும் மதிக்கப்பட்டனர். தாய்வழியில் எண்ணப்படும் குடிமுறையும், கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரர் ஆலயம் போன்ற கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும் உரிய முறையும், பள்ளிவாசல்களின் மரைக்காயர் சபைகளும் வழக்குகளையும் நீர்ப்பங்கீட்டையும் தீர்த்தன. கண்டியோடு செய்த 1766இன் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரித்தான பின்னும், இந்த அமைப்பின் வழியாகவே அவர்கள் நெல்லைத் திரட்டினர். 1784 முதல் 1794 வரை இங்கு தலைமை அதிகாரியாயிருந்த சுவிட்சர்லாந்தரான யாக்கோப் பூர்னாண், நெற்பயிர்ச்செய்கையை விரிவாக்கியதோடு, தமக்குப் பின்வருவோருக்காக 1794இல் ஒரு நினைவுக் குறிப்பும் எழுதினார். துப்பாக்கியைவிட வாய்க்காலில் ஆட்சியின் வலிமை இருந்தது என்பதை அவருடைய பணி காட்டுகிறது.

1795 செப்டெம்பரில் கோட்டை ஆங்கிலேயரிடம் வந்தது. 1803இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கண்டியில் விடப்பட்டிருந்த மேஜர் டேவியின் படை அழிந்த மறு ஆண்டில், மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் பல முனைகளிலிருந்து கண்டிமேல் நடக்கவிருந்த தாக்குதலுக்கு ஆயத்தமாகும்படி பணிக்கப்பட்டார். அத்திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் அடுத்துவந்த கடிதம் அதைத் தெளிவாகச் சொல்லாமையால், அவர் ஏறத்தாழ 300 வீரருடன் 1804 செப்டெம்பரில் புறப்பட்டு, கண்டியை அடைந்து, வேறெந்தப் படையும் வராததைக் கண்டு, கடும் இழப்போடு திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அவர் 1810இல் வெளியிட்ட நூல் அப்படையெடுப்பை வீரச்செயலாக நினைவில் நிறுத்தியது. ஒரு நகருக்குள் புகுவதற்குப் போதுமான படை அதை ஆள்வதற்கு ஒருபோதும் போதாது என்பதே அதில் கற்கவேண்டியது. அப்படையின் சுமையைத் தூக்கிச்சென்ற கூலியாட்களின் சாவுகளும் அந்த வீரக்கதைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலேயருக்கு எதிராக மலைநாட்டில் எழுந்த 1817, 1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின்போது ஆளுநர் பிரவுன்றிக் சென்னையிலிருந்து மேலும் படை வரவழைத்தார். ஆங்கிலப் படையில் போரில் இறந்தவரைவிட நோயால் இறந்தவரே மிகுதி.

பிற்காலத்தில் கேள்வி வீரரின் தொகையிலிருந்து பவுண் கணக்குக்கு நகர்ந்தது. குடியேற்ற நாடுகளின் படைச்செலவை யார் ஏற்பது என்பதை ஆராய ஆதர் மில்ஸ் தலைமையில் 1861இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபை ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. இலங்கையில் நிறுத்தப்படும் படையின் அளவையும் அதற்குரிய தொகையையும் லண்டன் தீர்மானிக்க, கொழும்பு செலுத்தவேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் 1864 நவம்பரில் பதவி விலகினர்; அடுத்த ஆண்டு, அதே எதிர்ப்பை முன்னெடுக்க, இலங்கைச் சங்கம் உருவாயிற்று. அவர்களின் எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் அச்சபையில் தமிழருக்கென ஒரே ஓர் இடம் இருந்ததேயன்றி, வாவிப் பகுதிக்கெனத் தனியிடம் இருக்கவில்லை. படுவான்கரை வயலிலிருந்து ஆண்டுதோறும் அறவிடப்பட்ட நெல்வரியும் அந்தப் படைச்செலவு எடுக்கப்பட்ட பொது வருமானத்துக்கே சென்றது.

மலாய் வீரர் பெரும்பான்மையாயிருந்த இலங்கை றைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. கோட்டை நாளடைவில் கச்சேரியாக, அதாவது மாவட்ட நிருவாக அலுவலகமாக, மாறியது. படைச்செலவுக்கும் உதவிவந்த நெல்வரியோ படையணியோடு போய்விடவில்லை. மேலும் 19 ஆண்டுகள் கழித்து, 1892இல்தான் அது நீக்கப்பட்டது.