நடுவில் நின்ற குரல்



ஒலிபெருக்கி என்று தமிழில் ஓர் அழகிய பெயர் உண்டு. ஒலியைப் பெருக்குவதே அதன் வேலை என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் மிகுந்த அன்போடு பாதுகாக்கப்பட்டு வரும் ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பற்றி அதன் உடைமையாளர்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். அது பெரிய சத்தம் எழுப்பாது என்பதை அவர்களே முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் பின்னர்தான் அதைப் புகழத் தொடங்குகிறார்கள்.

இந்த வாரத் தியானத்திற்கு இப்படியொரு பொருளா என்று நீங்கள் வியக்கக்கூடும். இதை நானாகத் தேடிப் போகவில்லை. நம் சபையில் அண்மையில் கணவரை இழந்த ஒரு தாயார், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பின் என்னிடம் வந்தார். “ஐயா, அவர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. நல்ல விலை கிடைக்கிறது, விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான். அவை என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் விசாரித்துச் சொல்வீர்களா?” என்று கேட்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிகளின் பெயர் எல்எஸ் 3/5ஏ. பிபிசியின் ஆய்வுத்துறைப் பொறியாளர்கள் 1970களில் இதை வடிவமைத்தார்கள். விளையாட்டு மைதானத்திற்கோ அரங்கிற்கோ சென்று அங்கிருந்தே நிகழ்ச்சியை அனுப்பும் வண்டிகளுக்குள் பெரிய ஒலிபெருக்கிகளை வைக்க இடமிருக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்வதும் அங்கே ஏற்றதாய் இல்லை. ஆகவே அந்தக் குறுகிய இடத்தில் அடங்கக்கூடிய, ஆனால் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு சிறு பெட்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஹார்வுட் என்ற பொறியாளரும் அவருடைய துணைவர் இருவரும் எழுதிய ஆய்வறிக்கை 1976இல் வெளிவந்தது. பிபிசியிடம் உரிமம் பெற்று ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் முதலிய நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. அப்படித்தான் வண்டிக்குள் இருந்த பெட்டி வீடுகளுக்குள் வந்தது.

பெரிய குடும்ப வேதாகமங்கள் இரண்டைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தப் பெட்டி. உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம். உள்ளே தாழ்ந்த ஒலிகளுக்கும் நடுத்தர ஒலிகளுக்கும் ஐந்து அங்குல வூஃபர் ஒன்று. உயர்ந்த ஒலிகளுக்கு 19 மில்லிமீட்டர் ட்வீட்டர் ஒன்று. அவ்வளவே.

ஆனால் அதைக் கட்டிய விதத்தில் ஒரு ஞானம் இருந்தது. எந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒலி எழுந்தாலும் அந்தப் பெட்டியின் சுவர்களும் அதிரும். அவையும் தங்கள் சொந்தக் குரலைச் சேர்த்துப் பாடத் தொடங்கும். அந்தப் பொறியாளர்கள் பர்ச் மரத்தின் ஒட்டுப்பலகையால் பெட்டியைச் செய்து, அந்த அதிர்வை அடக்கும்படி உட்புறத்தில் தார் கலந்த தகடுகளை ஒட்டினார்கள். முகப்பின் ஓரங்களில் பட்டு ஒலி சிதறாதபடி ட்வீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளித் துணியைப் பதித்தார்கள். பெட்டி பேசக்கூடாது, குரல் மட்டுமே பேசவேண்டும் என்பதற்காக அவர்கள் பட்ட பாடு அது.

அது சரியாக இருக்கிறதா என்று அவர்கள் எதைக்கொண்டு சோதித்தார்கள் என்று அறிந்தபோது நான் இன்னும் வியந்தேன். பிபிசியின் பொறியாளர்கள் பேரிசையை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒரு மனிதர் பேசுவதை நேரில் கேட்பதும், அதே குரலை ஒலிபெருக்கியில் கேட்பதும், இரண்டையும் ஒப்பிடுவதும் அவர்கள் நெடுங்காலமாய்க் கைக்கொண்ட முறை. நாம் தாயின் கருவிலிருந்தே மனிதக் குரலைக் கேட்டு வருகிறோம். எண்பது வாத்தியங்கள் முழங்கும்போது நம் காதுக்குத் தப்பிவிடும் சிறு பொய்கூட, ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது தப்பாது.

அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று, இவற்றை வைத்திருப்பவர்களின் அனுபவங்களைச் சில வாரங்கள் தேடிப் படித்தேன். சாட்சிக் கூட்டத்தில் அமர்ந்திருப்பதுபோலவே இருந்தது. பலர் சொல்வது ஒன்றே: வானொலியில் செய்தி வாசிப்பவர் அறைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது. கண்களை மூடிக்கொண்டால் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. பாடகர் மூச்சு இழுப்பதும், உதடுகள் பிரிவதும், வில் நரம்பின்மேல் இறங்குவதும் கேட்கின்றன.

குறைகளையும் அவர்கள் மறைப்பதில்லை. ஆழ்ந்த தாழொலி இதில் வராது. பேராலயங்களின் ஆர்கனில் 32 அடிக் குழாய் எழுப்பும் 16 ஹெர்ட்ஸ் அதிர்வை இந்தச் சிறு பெட்டியிடம் எதிர்பார்க்கவே முடியாது. பெரிய கூடத்தை நிரப்பும் பலமும் இதற்கு இல்லை. உரத்து ஒலிக்கச் செய்தால் திணறும். கொடுக்கும் மின்திறனில் சிறிதளவையே ஒலியாக்குவதால் நல்ல ஆம்ப்ளிஃபையர் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல், காதின் உயரத்துக்கு ஒரு தாங்கியின்மேல் நிறுத்தி, நாமும் அருகில் வந்து அமரவேண்டும். இத்தனையையும் சொல்லிவிட்டு, பெரிய ஒலிபெருக்கிகளை வாங்கியபின் மறுபடியும் இதையே தேடி வந்ததாகச் சொல்பவர்கள் பலர்.

மனிதர் இருக்கும் இடத்தில் பெருமையும் இருக்கும் அல்லவா? 1980களின் பிற்பகுதியில் உள்ளுறுப்புகள் மாறி, 15 ஓம் பெட்டி 11 ஓம் பெட்டியானது. இவற்றில் எது சிறந்தது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். பழைய ஜோடிகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கேட்பதற்காகச் செய்யப்பட்டதைக் கேட்காமலே அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. வேதாகமத்தைக்கூட அப்படிப் பூட்டி வைக்க நமக்குத் தெரியுமே.

இவற்றை அறிந்துகொண்டபின் ஒரு சனிக்கிழமை மாலை அந்தத் தாயாரின் வீட்டிற்குப் போனேன். அவருடைய கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த காலத்தில், ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், வேறொருவர் பாவித்த ஜோடியை வாங்கியிருந்தார். “குழந்தைக்குக் குளிர்ச்சட்டை வாங்கவேண்டிய நேரத்தில் இந்தப் பெட்டிகள் எதற்கு என்று அன்றைக்குச் சண்டை போட்டேன் ஐயா” என்று சொல்லி, அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவரிடம் ஒரு பழைய ஒலிநாடா இருந்தது. பிள்ளைகள் சிறியவர்களாய் இருந்த நாட்களில் ஒரு மாலைக் குடும்ப ஜெபத்தைக் கணவர் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்திருந்தார். மகன் அதைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அம்மா அதைப் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிகளில் கேட்டதில்லை. அவற்றைத் தொடுவது கணவரின் வேலை என்றே விட்டுவிட்டிருந்தார்.

தாங்கிகளைச் சுவரிலிருந்து முன்னுக்கு நகர்த்தினோம். அவர் வழக்கமாய் அமரும் நாற்காலியிலிருந்து இரண்டு பெட்டிகளும் சம தூரத்தில் இருக்கும்படி அளந்து வைத்தேன். நாடா ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு செருமல். பின்பு மெல்லிய தாள் ஒன்று புரளும் ஓசை. “சங்கீதத்தைத் தேடுகிறார்” என்றார் அம்மா. பின்பு அந்தக் குரல். அவசரமில்லாமல், வசனத்துக்கு வசனம் நிறுத்தி வாசிக்கும் அந்தக் குரல். வாசிப்பின் நடுவே, தூரத்தில், ஒரு பாத்திரம் வைக்கப்படும் ஓசை கேட்டது. அம்மா என் பக்கம் திரும்பினார். “அது நான். அடுக்களையில் நான்தான். இது கைப்பேசியில் கேட்கவேயில்லை ஐயா” என்றார்.

அடுத்து நடந்ததை நான் மறக்கமாட்டேன். அவர் வலப்பக்கப் பெட்டியையும் பார்க்கவில்லை, இடப்பக்கப் பெட்டியையும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே, எதுவும் வைக்கப்படாத அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அங்கேதான் நின்றது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரே குரலை இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் நம் இரு காதுகளுக்கும் கொண்டுவரும்போது, அது நடுவிலிருந்து வருவதாகவே மனம் உணர்கிறது. இதற்குப் பெட்டிகள் இரண்டும் ஒத்திருக்கவேண்டும். ஒன்று மற்றதைவிடச் சற்று உரத்து ஒலித்தாலும், குரல் நடுவைவிட்டு அந்தப் பக்கமாய்ச் சாய்ந்துவிடும். அதனால்தான் இவற்றைச் செய்தவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பொருத்தினார்கள். எங்கள் காதுகளுக்கு இப்போது எந்தப் பெட்டியும் கேட்கவில்லை. மனிதர் மட்டும் கேட்டார்.

பிரியமானவர்களே, இரண்டு மூன்றுபேர் தம்முடைய நாமத்தில் கூடும் இடத்தில் தாம் நடுவில் இருப்பதாக நம் ஆண்டவர் வாக்களித்திருப்பதை நாம் அறிவோம். அந்த வாக்கைச் சொல்லி எத்தனையோ ஜெபக்கூட்டங்களை நான் ஆரம்பித்திருக்கிறேன். அந்த மாலையில், நடுவில் என்ற சொல் எனக்குப் புதிதாய் ஒலித்தது. கூடுகிற இருவரில் ஒருவர் தன்னையே உரத்து ஒலிக்கச் செய்தால், கேட்பவர்களின் கவனம் அவர் பக்கமாய்ச் சாயும். நம் குடும்பங்களில் நடப்பதும் இதுவே. கணவனும் மனைவியும் ஒத்து வாழும் வீட்டிற்குள் நுழைகிறவர், அவர்கள் இருவரையும் கடந்து மூன்றாவதாய் ஒருவருடைய சமாதானத்தை அங்கே உணர்கிறார். சபையின் மூப்பருக்கும் பாடகர் குழுவுக்கும் பிரசங்கிக்கும் இது பொருந்தும். யோவான் ஸ்நானன் தன்னை ஒரு சத்தம் என்று மாத்திரமே சொல்லிக்கொண்டு, வருகிறவரைச் சுட்டிக்காட்டிவிட்டு விலகி நின்றார்.

இன்னும் ஒன்று. இந்தப் பெட்டிகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹார்வுட், 1977இல் தொடங்கிய நிறுவனத்திற்குத் தம் பெயரையும் தம் மனைவி எலிசபெத்தின் பெயரையும் சேர்த்து ஹார்பெத் என்று பெயரிட்டார். அவருக்கு முன்பே, பிபிசியில் பணியாற்றிய ஸ்பென்சர் ஹியூஸ் தம் மனைவி டோரதியின் பெயரோடு சேர்த்து ஸ்பெண்டார் என்று பெயரிட்டிருந்தார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அந்த நாடாவிலும் இரண்டு பேர்தானே இருக்கிறோம் ஐயா. அவர் வாசிக்கிறார். நான் பாத்திரம் வைக்கிறேன்” என்றார்.

மறுவாரம் மகன் வந்து கேட்டார். தம் தகப்பன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்து, ஆமென் சொல்லும்படி கேட்பதும், தாம் மழலையில் பதில் சொல்வதும் அந்த நடுவிலிருந்து வந்தன. வாங்க இருந்தவரிடம், இப்போது விற்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஒருநாள் அவர்கள் விற்கவும் கூடும். அதில் தவறொன்றும் இல்லை. பெட்டி பெட்டியே, மரமும் தாரும் கம்பளியும்தான். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அந்தத் தாயார் எந்தப் பெட்டியின்மேலும் வைத்திருக்கவில்லை.

நம்மில் அநேகர் சிறிய பெட்டிகளே. பேராலய ஆர்கனின் ஆழம் நமக்கு அளிக்கப்படவில்லை. பெரிய கூடங்களை நம்மால் நிரப்ப முடியாது. நம்மிடம் கேட்கப்படுவது வேறு. நமக்கு அருகில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு, நமது சொந்த ஓசையைக் கலக்காமல், அவருடைய குரலைக் கொடுப்பது. இந்த வாரத்தில் நீங்கள் ஆறுதல் சொல்லப் போகும் வீட்டில், குறைவாகப் பேசி அருகில் அமர்ந்திருங்கள். உங்கள் வீட்டில் யாரோடு ஒத்திராமல் இருக்கிறீர்களோ, அவரோடு உங்கள் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஜெபம்: எங்கள் நடுவில் நிற்கிறவராகிய ஆண்டவரே, உம்முடைய குரலோடு எங்கள் ஓசையைக் கலந்துவிடாதபடி எங்களைக் காத்தருளும். பிரிந்து சென்ற அன்பானவர்களின் குரலுக்காக ஏங்குகிற ஒவ்வொருவரையும் தேற்றியருளும். எங்கள் சிறுமையை உமக்கு ஏற்றதாக்கும். ஆமென்.