வேது பிடிக்கும் யந்திரம்

தடிமன் எங்கள் வீட்டுக்கு மார்கழி மாதத்து விருந்தாளி. பனி விழத் தொடங்கியதும் ஒருவரையும் கேளாமல் வந்துவிடும். தை பிறந்த பின்பும் போக மனமின்றித் திண்ணையிலே படுத்திருக்கும். அதற்கு எங்கள் அன்னையார் அறிந்த மருந்து ஒன்றுதான். வேலியோரத்து நொச்சியும் ஆடாதோடையும் நாலைந்து தேசி இலையும் ஒரு துண்டு மஞ்சளும் பானையிலிட்டு, வாயை வாழையிலையாற் கட்டி அடுப்பிலேற்றுவார். நீர் கொதித்துப் பானை முனகத் தொடங்கியதும் இறக்கிவைத்து, எங்களை ஒவ்வொருவராகப் போர்வைக்குள் இருத்தி, இலையிலே துளையிட்டு வேது பிடிப்பிப்பார். வியர்வை ஒழுக வெளியே வந்து மூக்கை உறிஞ்சிப் பார்க்கையில் அடுக்களையில் மல்லிக் கோப்பி மணப்பது தெரியுமானால் வேது பலித்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பானைக்கு நான் விடை கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், எழுபதைத் தாண்டிய அன்னையாரின் கை நடுங்கிப் பானை சரிந்தது. கொதிநீர் நிலத்தில் ஓடி, எங்கள் இளைய மகள் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. வேது பிடிக்கப்போய்ச் சுடுநீர் கவிழ்ந்து வெந்துபோன சிறுவர்களைப் பற்றி இங்கிலாந்து வைத்தியர்களும் தங்கள் சஞ்சிகைகளில் எழுதி எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் எழுத வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சாண் போதுமாயிருந்தது. மறுநாளே கடைக்குச் சென்று, கையில் எடுத்துச் செல்லத்தக்க, மின்சாரத்தில் இயங்கும் சிறு ஆவி யந்திரம் ஒன்றை வாங்கி வந்தேன்.

“உது என்ன தம்பி, செம்புக்கு மூக்கு வைச்ச மாதிரி?” என்றார் அன்னையார்.

உவமை பொருத்தமானதுதான். ஒரு பிளாஸ்திக் செம்பு, அதற்கொரு மூடி, மூடியின் அடியிலிருந்து இரண்டு உலோகத் தகடுகள் நீருக்குள் தொங்கும். மின்கேத்தலில் உள்ளது போன்ற சூடாகும் சுருள் இதில் இல்லை. தகடுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதுமில்லை. இடையிலுள்ள நீரினூடாகவே மின்சாரம் பாய்கிறது. பாயும்போது நீர் காட்டும் தடையினால் நீரே சூடாகிக் கொதிக்கிறது. நீர் குறைந்து தகடுகளுக்குக் கீழே போனால் பாதை அறுந்து யந்திரம் தானாகவே ஓய்ந்துவிடும். எளிமையான அமைப்பு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: செருகி சுவரில் இருக்கும்வரை அந்த நீரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். செருகியைக் கழற்றாமல் மூடியைத் திறப்பதும் நீரிலே விரல் வைத்துப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

முதல்நாளே அது எங்களைப் பயமுறுத்தியது. கிணற்று நீரை வார்த்துச் சுவிச்சைப் போட்டேன். ஒரு நிமிடந்தான், உள்ளே கடகடவென்று பேரிரைச்சல், மூக்கின் வழியே ஆவியோடு கொதிநீர்த் துளிகளும் சிதறின, மின்குமிழ் மங்கிற்று, றிப் சுவிச்சு விழுந்து வீடு முழுவதும் இருளாயிற்று. “பானை ஒருநாளும் வீட்டு லைற்றை நூர்க்கேல்லை” என்று இருளிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைக்காரர் பழுதான பொருளை என் தலையிற் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன்.

குற்றம் கடைக்காரரிடமும் இல்லை, யந்திரத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லிலே ஊறி வருவது. அதில் கல்சிய உப்புகள் மிகுதி. எங்கள் வீடோ கடற்கரைக்கு அண்மையில்; கிணறும் சற்றே உவர். உப்பு மிகுந்த நீரில் அயன்கள் மிகுதி. அயன்கள் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். பீலியாற் பிடித்துவைத்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தபோது யந்திரம் பசுவைப்போற் சாதுவாயிற்று.

பிறகு வந்த தொல்லைகளிற் பாதி நாங்களே தேடிக்கொண்டவை. நொச்சியிலை இல்லாத வேது வேதாகுமா என்று அன்னையார் கேட்க, நானும் உலர்ந்த இலையை நொறுக்கி நீருக்குள்ளேயே போட்டேன். இலைத்தூள் தகடுகளுக்கிடையே சிக்கித் தீய்ந்து, ஒரு கிழமைக்கு அறையெங்கும் கருகல் மணம். மூடியின் மேலே, ஆவி வெளிவரும் வாயிலில், மருந்துக்கென்று ஒரு சிறு கிண்ணம் இருப்பதை அதன் பின்னரே கண்டேன். இலையை அங்கு வைத்தால் ஆவி அதனூடே வரும்போது வாசனை எண்ணெயைத் தன்னோடு அழைத்து வருகிறது. யூக்கலிப்டஸ் தைலத்தில் மிகுந்துள்ள சினியோல் என்னும் பொருள் கொதிப்பது 176 பாகை செல்சியசு அளவில். ஆயினும் 100 பாகை நீராவியோடு அது சேர்ந்து பயணம் செய்துவிடும். வாசனைத் தைலம் வடிப்போரின் தொழில் நுட்பமும் இதுவே. சில மாதங்களில் தகடுகளில் வெள்ளைப் படலம் தடித்து ஆவி மெலிந்தது. அது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. வினாகிரியில் அரைமணி நேரம் ஊறவைத்தால் நுரைத்துக் கரையும். கத்தியாற் சுரண்ட வேண்டாம். நான் சுரண்டி ஒரு தகட்டை வளைத்தவன்.

இவ்வளவும் அறிந்தபின் எனக்குச் சிறிது கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வத்தோடுதான் சென்ற ஆண்டு அன்னையாரையும் யந்திரத்தையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன்.

அன்னையாரின் கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்காக வெள்ளவத்தையில் என் தம்பியின் வீட்டில் தங்கினோம். தாயார் வருகிறாரென்று தம்பி அறைக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தான். அதன் நெடி இன்னும் நீங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு அன்னையாருக்கு இருமல் கண்டது. “கொஞ்சம் வேது பிடிச்சாற் சுகமாயிருக்கும்” என்றார்.

யந்திரத்தில் நீரை வார்த்துச் சுவிச்சைப் போட்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் சென்றன. செருகியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால் நீர் இளஞ்சூடாகக்கூட இல்லை. தம்பி வேறு செருகித்துளையில் மாட்டிப் பார்த்தான். நான் தகடுகளைத் துடைத்தேன்; கம்பியை வளைத்துப் பார்த்தேன். தம்பியின் மனைவி கேத்தலில் வெந்நீர் வைக்கவா என்று இருமுறை கேட்டார். நான் கேட்காதவன்போல் இருந்தேன். அரைமணி நேரம் கழிந்த பின்னர்தான் நினைவு வந்தது: இது கிணற்று நீரன்று, களனி கங்கையின் மென்னீர், அதுவும் வீட்டிலே வடித்தெடுத்தது. மின்னைக் கடத்த அதில் வேண்டிய அளவு அயன்கள் இல்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். சில நிமிடங்களில் மூக்கிலிருந்து ஆவி புகைந்தது.

தம்பியின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். விடுவேனா? மின்வாய், அயன், கடத்துதிறன் என்று அவளுக்கு ஒரு பாடம் தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆவிக்கு முன் குனிந்திருந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, அப்பம்மாவின்ர நெஞ்சுக்குள்ள விசில் ஊதுது.”

அப்போதுதான் கேட்டேன். மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீழ்க்கை. தோள்கள் இரண்டும் ஏறி இறங்கின. ஒரு வசனத்தை ஒரே மூச்சில் அவராற் சொல்ல முடியவில்லை. ஆவியோ நிலைமையை மோசமாக்கிக்கொண்டிருந்தது. யந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கேயும் ஆவிபோலத்தான் ஒன்றைப் பிடிப்பித்தார்கள். அது நீராவியன்று, மருந்தை நுண்துளிகளாக்கி முகமூடி வழியே செலுத்தும் நெபுலைசர். சல்பியூற்றமோலும் இப்ராற்றோப்பியமும் கலந்து கொடுத்ததாக வைத்தியர் சொன்னார். விடியுமுன் சீழ்க்கை தணிந்தது. “இவருக்கு ஆஸ்துமா இருக்கிறது, விடியற்காலையில் இப்படி எத்தனை நாளாக?” என்று அவர் வினவினார். தடிமன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். “இரண்டு வருஷம் இருக்கும், டாக்குத்தர்” என்றார் அன்னையார்.

இரண்டு வருடம்! ஒரே கூரையின் கீழ், அடுத்த அறையில் நான். யந்திரத்தின் இரைச்சல் கூடிற்றா குறைந்ததா என்று காது கொடுத்துக் கேட்டவன், அதன் முன்னால் இருந்தவரின் மூச்சைக் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது, “நீ அவ்வளவு பாடுபட்டு அதைத் திருத்திக்கொண்டிருக்க, வேதாலை சுகமில்லை எண்டு நான் எப்பிடி ராசா சொல்லுறது?” என்றார்.

வைத்தியர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஆவி மூக்கடைப்புக்குச் சிறிது இதம் தரும், அவ்வளவே. முட்டு என்பது மூச்சுக் குழாய்கள் அழற்சியுற்றுச் சுருங்குவது. நீராவி அதை விரிக்காது, சிலருக்கு மேலும் தூண்டிவிடும். இலைகளைச் சுட்டுப் புகை பிடிப்பதும் தீங்கே. இந்த இடத்தில் அன்னையார் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார்: அவர் முட்டு வந்தால் உலர்ந்த ஊமத்தையிலையைச் சுருட்டிப் பற்றவைப்பாராம். வைத்தியர் சிரிக்கவில்லை. சென்னையில் இருந்த ஆங்கில வைத்தியர்கள் இவ்வழக்கத்தைக் கண்டறிந்தனர். அங்கிருந்து 1802ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ற் என்பவர் அதனைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். ஊமத்தையின் அற்றோப்பீன் மூச்சுக் குழாய்களை விரிப்பது மெய்யே. அன்றிரவு முகமூடியிற் கொடுத்த இப்ராற்றோப்பியம் அற்றோப்பீனிலிருந்து ஆக்கப்பட்டதுதான். ஆனால் இலையில் நஞ்சின் அளவை யாரும் அறிய முடியாது. சித்தம் கலங்கி இறந்தவர்களும் உண்டு. ஆகையால் வேலியோரத்து ஊமத்தையை எவரும் தொடவேண்டாம்.

இப்போது அன்னையாரிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கின்றன. ஒன்று காலையும் மாலையும் தவறாது எடுப்பது. நீலநிறமானது முட்டு வரும்போது மட்டும். அவற்றுக்கும் முறை உண்டு: நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் என்னும் குழலிலே பொருத்தி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக உள்ளே இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். தினமருந்தை எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். குழலைத் துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிவிடும். சவர்க்கார நீரிற் கழுவித் தானாக உலர விடவேண்டும். இவற்றையெல்லாம் இம்முறை முதலிலேயே வாசித்துவிட்டேன்.

யந்திரத்தை எறிந்துவிடவில்லை. பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தால், பக்கத்தில் நான் இருந்து, இப்போதும் எடுப்பதுண்டு. அதன் மூடியில் தம்பியின் மகள் அழியாத மையினால், “குழாய்நீர்: உப்பு ஒரு சிட்டிகை. கிணற்றுநீர்: மழைநீர் பாதி” என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

அன்னையாருக்கோ வினாடி எண்ணுவதில் நம்பிக்கையில்லை. மருந்தை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மனத்துள் பத்துமுறை “முருகா” என்கிறார். நேற்று நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வினாடி இருந்தது.