ஊருக்கேற்ற உடை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. நம் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், வெளுத்த வேட்டியும் மடித்த சால்வையுமாய் வகுப்பினுள் நுழையும் எம் தமிழாசிரியர் இதனை அடிக்கடி கூறுவார். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ, நானும் தமிழாசிரியனாகிப் பல்லாண்டு கழிந்தபின், கடல் கடந்த ஓர் ஊரிலேதான்.

2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நானும் என் மனைவியும் ஓமான் நாட்டுத் தலைநகராகிய மஸ்கற்றுக்குச் சென்றோம். அங்கே ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதும் என் அண்ணரைக் கண்டு 11 வருடங்கள் ஆகியிருந்தன. வெயில் 40 பாகையைத் தாண்டும் என்று கேள்வியுற்றமையால், முழங்காலளவான காற்சட்டைகளும் உடலோடு ஒட்டும் செயற்கை நூற் சட்டைகளுமே என் பெட்டியை நிறைத்தன. வெப்பத்தை நினைத்தேன், அங்கு வாழும் மக்களை நினைத்தேனல்லேன்.

விமான நிலையத்துக்கு அண்ணரோடு அவருடைய முதலாளியாகிய ஓமானியப் பெரியவரும் வந்திருந்தார். கணுக்கால்வரை நீண்ட வெண்ணிற 'டிஷ்டாஷா' அங்கி. தலையிலே பூவேலை செய்த 'கும்மா' தொப்பி. கழுத்தோரத்திலே ஒரு சிறு குஞ்சம். அக்குஞ்சத்துக்கு நறுமணத் தைலம் பூசுவது அந்நாட்டார் வழக்கம். முழங்கால் தெரிய நின்ற என்னை அவர் முகங்கோணாது வரவேற்றார். ஆயினும், "இவர் என்ரை தம்பி, ஊரிலை தமிழ் வாத்தியார்" என்று எம்முடன் வந்த மற்றொரு தமிழ் அன்பருக்கு அறிமுகஞ் செய்த அண்ணரின் குரல் தாழ்ந்தே ஒலித்தது. அன்றிரவு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் நீளக் காற்சட்டைகள் இரண்டை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுச் சென்றார். வைதிருந்தால் அத்துணை வருந்தியிரேன்.

மறுநாள் மத்ராக் கடைத்தெருவிலே நீண்ட கையுடைய, தளர்ந்த பருத்திச் சட்டைகளை வாங்கினோம். பருத்தி வியர்வையை உறிஞ்சும். அவ்வியர்வை உலரும்போது உடல் குளிரும். தளர்ந்த ஆடையினுள்ளே காற்று உலாவும். நீண்ட கை வெயிலைத் தடுக்கும். குறைத்து உடுத்தலே குளிர்ச்சி என்று நான் எண்ணியது பேதைமை. "பெண்கள் கறுப்பு அங்கியோடை திரியினமே, சுடாதோ?" என்று மனைவி வினவினாள். பெதுயீன் மக்களின் கரிய அங்கியைப் பற்றி 1980இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழிலே ஓராய்வு வெளிவந்தது. கரிய துணி மிகுதியான வெப்பத்தை ஏற்பினும், அங்கி தளர்ந்திருப்பின் அம்மிகுதி தோலைச் சேருமுன்னரே நீங்கிவிடுகின்றது என அது காட்டிற்று.

பின்னர், 2001இல் திறக்கப்பெற்ற சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலைக் காணச் சென்றோம். அங்கே மகளிர் கூந்தலையும், மணிக்கட்டும் கணுக்காலும் வரை உடலையும் மறைத்தல் வேண்டும். ஆடவர் தோளையும் கால்களையும் மூடுதல் வேண்டும். வாயிலில் நின்றபோது நல்லூர்க் கந்தன் சந்நிதி என் நினைவில் எழுந்தது. அங்கே ஆடவராகிய நாம் மேற்சட்டையைக் களைந்தே உட்புகுகின்றோம். சட்டையோடு நுழைய முயலும் வெளியூரார்மீது நாம் கொள்ளும் மனத்தாங்கலையும் எண்ணிப் பார்த்தேன். ஓரிடத்திலே களைதல், ஓரிடத்திலே மூடுதல். இரண்டும் உணர்த்துவது பணிவு ஒன்றையே.

ஊர் திரும்புமுன் அப்பெரியவர் தம் இல்லத்தில் எமக்கு விருந்தளித்தார். நீண்ட கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து அண்ணரின் அருகே கம்பளத்தில் அமர்ந்தேன். வந்தோர் ஒவ்வொருவரிடமும், "இவர் என் தம்பி" என்று அண்ணர் ஆங்கிலத்தில் அறிமுகஞ் செய்தார். இம்முறை அவர் குரல் தாழவில்லை.

இன்று நம் கல்லூரியின் இளைய மாணவர் பலர் தொழில் நாடி அத்தேசங்களுக்குச் செல்கின்றனர். அவர்கட்கு என் வேண்டுகோள் ஒன்றே. பெட்டியை அடுக்குமுன் அவ்வூரின் வெயிலை மட்டுமன்றி, அங்கே உங்களைத் தம்மவர் என்று கூறப்போகின்றவரையும் நினைந்துகொள்ளுங்கள்.