வான்வழித் தொலைவும் வீட்டுத் தொலைவும்

பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தொலைவு? இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இருப்புப்பாதை வளைந்து செல்வதால், தொடர்வண்டிக்கு அது ஏறத்தாழ 360 கிலோமீட்டர் ஆகிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 270 கிலோமீட்டரை இருபது நிமிடங்களில் கடந்துவிடலாம். ஆயினும், பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி என்றே கால அட்டவணை கூறுகிறது. விமானம் ஓடுபாதையை அடையவும், மேலே எழும்பவும், படிப்படியாகக் கீழே இறங்கவும் நேரம் வேண்டும். குறுகிய பயணத்தில் அது முழு வேகத்துடன் பறப்பது சில நிமிடங்களே.

இக்கணக்கின் பொருளைச் சென்ற ஆண்டு ஓரிரவில் நன்கு உணர்ந்தேன். திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். அம்மாவை நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் கூறினார்.

"காலையில் விமானத்தில் போகலாம், அப்பா. ஒரு மணி நேரம்தானே?" என்றாள், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள்.

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். அல்சூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அங்குச் சோதனைகளுக்காக முன்னதாகவே சென்று காத்திருக்க வேண்டும். சென்னையில் இறங்கிய பின்னர், மேற்கு நோக்கி ஏறத்தாழ 180 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். ஆம்பூர் இரு நகரங்களுக்கும் நடுவில் அமைந்த ஊரன்றோ? கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம் வந்தது. தொடர்வண்டியிலோ ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான்.

விடியற்காலையில் கன்டோன்மென்ட் நிலையத்தில் வண்டி ஏறினோம். பங்காரப்பேட்டையின் பெயர்ப்பலகையில் கன்னட எழுத்துகளைக் கண்டோம். ஆந்திர மாநிலத்துக் குப்பத்தில் அவை தெலுங்காயின. அடுத்துத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வண்டி நுழைந்தது. பள்ளியில் தமிழ் எழுத்துகளைக் கற்றிருந்த மகள், 'ஜோலார்பேட்டை' என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

முற்பகலில் மருத்துவமனையை அடைந்தோம். "எப்படி வந்தாய், கண்ணு?" என்று மெல்லிய குரலில் கேட்டார் அம்மா. வழியில் கண்ட ஊர்களின் பெயர்களை மகள் வரிசையாகச் சொன்னாள். அவள் கையைப் பற்றியவாறே அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். விடுபட்ட வாணியம்பாடியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கால அட்டவணை கூறும் நேரம் இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்டது. நம் பயணமோ நம் வீட்டு வாசலில் தொடங்கி, நமக்காகக் காத்திருப்பவரிடம் சென்று முடிகிறது. ஊருக்குப் புறப்படுமுன் நாம் கணக்கிட வேண்டியது அந்த நேரத்தையே.