கடவுச்சொல்லும் ஓர் அமானிதமே

அமானிதம் என்றதும் பணமும் நகையும் நிலப்பத்திரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன செய்தியும் அமானிதமே. எங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் பதிவேடு இப்போது கணினியில் இருக்கிறது. யார் ஸகாத் பெற்றார்கள், எந்த வீட்டில் கடன் நெருக்கடி, எந்தக் கைம்பெண்ணுக்கு மாதந்தோறும் உதவி செல்கிறது என்பவை அதில் உள்ளன. அவை வெளியே கசிந்தால் போவது பணமன்று. ஒரு குடும்பத்தின் மானம்.

அப்பதிவேட்டை இரவுதோறும் நகலெடுக்க, லினக்ஸ் கணினியில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை இயக்குகிறோம். நள்ளிரவில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய ஆள் இருப்பதில்லை. ஸ்கிரிப்டே அதைப் பெற்றாக வேண்டும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால், அது இயங்கும் நேரத்தில் அதே கணினியைப் பயன்படுத்தும் பிறர் ‘பிஎஸ்’ என்னும் கட்டளையால் அதைக் காணக்கூடும். கையால் தட்டியிருந்தால் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் அது தங்கிவிடும். பேஸ்64 வடிவில் மாற்றி வைப்பதும் காவலன்று. எவரும் நொடியில் அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம்.

முறையாகக் குறியாக்கம் செய்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: சாவி எங்கே? அது அதே ஸ்கிரிப்டுக்குள் இருந்தால், பூட்டிய பெட்டியின் மேலேயே சாவியை வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாங்கள் கைக்கொண்ட ஒழுங்கு இது. குறியாக்கம் செய்த கடவுச்சொல் ஒரு கோப்பிலும், அதன் சாவி வேறொரு கோப்பிலும் இருக்கின்றன. சாவிக் கோப்பின் அனுமதி 600; நகலெடுப்பதற்கென்றே உள்ள பயனர் கணக்கு மட்டுமே அதைப் படிக்க இயலும். அக்கணக்குக்குப் பதிவேட்டைப் படிக்கும் உரிமை உண்டு, திருத்தும் உரிமை இல்லை. கடவுச்சொல் கட்டளை வரியில் தோன்றாமல் ‘பைப்’ வழியாக நிரலைச் சென்றடைகிறது.

எடுத்த நகலை ஜிபிஜியின் பொதுச் சாவியால் பூட்டுகிறோம். பூட்ட அதுவே போதும். திறப்பதற்கான தனிச் சாவி அக்கணினியில் இல்லை. ஜமாஅத்தின் பொறுப்பாளர் இருவரிடம் மட்டுமே உள்ளது. நகலை எவரேனும் களவாடினாலும் படிக்க இயலாது.

எனினும், கணினியின் முழு அதிகாரம் பெற்றவரிடமிருந்து கடவுச்சொல்லை மறைக்க வழியில்லை. எனவே அப்பொறுப்பை ஒப்படைக்கும்போது திறமையோடு நாணயத்தையும் பார்க்கிறோம். பொறுப்பாளர் மாறும் அன்றே கடவுச்சொல்லையும் சாவிகளையும் மாற்றிவிடுகிறோம். கை நீட்டி உதவி பெற்றவர் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க, நம்மால் ஆன காவல் இதுவே.