அடுத்த எடுப்புக்கு

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் விடாமுயற்சி என்பது பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகவே வருகிறது. தேவன் ஒருவனை அழைக்கிறார். அவன் தடுமாறுகிறான், தாங்குகிறான், கடைசியில் முடிக்கிறான். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தன் ஓட்டம் முடிந்துவிட்டதாகச் சொல்வதை இதற்குச் சாட்சியாக வைப்பார்கள். ஆனால் அதே வேதாகமத்தில் மோசேயும் இருக்கிறான். நாற்பது வருஷம் ஜனங்களை நடத்தி வந்தவன் நேபோ மலைமேல் நின்று கானானைப் பார்த்தான், உள்ளே போகவில்லை. பிரசங்கிகள் இவனைத் தண்டனைக்கு உதாரணமாக்குவது வழக்கம். எனக்கு என்னவோ இவன்தான் பொதுவிதி, பவுல் விலக்கு என்று தோன்றுகிறது.

இந்தப் பிரச்னை எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. என் அப்பா போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தவர். குருப்பட்டம் பெற்ற ஐயரல்ல, உபதேசியார். சனிக்கிழமை மலையேறி, லயங்களில் வீடு வீடாகப் போய், ஞாயிறு ஆராதனை நடத்தி, திங்களன்று இறங்குவார். தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்துக்குப் பதிலாகக் கல்லில் ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பதைத் தமக்கு வந்த அழைப்பாகவே நம்பினார். அஸ்திவாரம் போட்டாயிற்று. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. அதற்குள் அந்த லயங்கள் காலியாக ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள். பெரியவர்கள் ஊருக்கு இறங்கினார்கள். இப்போது போடிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளப் பக்கம் வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். மலையில் அப்பாவின் சபை என்று சொல்ல ஆளில்லை.

கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டார்: "எதை முடிச்சேன் நான்? சொல்லு பாப்போம்."

செய்ததைத் தேவன் அறிவார் என்ற வகையில் ஏதோ சொன்னேன்.

"அதெல்லாம் பிரசங்கத்துல நானே சொல்றதுதான்" என்றார்.

விடாமுயற்சியைப் போதிப்பதில் ஒரு ஆபத்து உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூலிக்காரனுக்குப் பொறுமையைப் போதிக்கும் மதம் தோட்ட முதலாளிக்குச் செலவில்லாத கங்காணி. அப்பாவுக்கு இது தெரியும். அதனால்தானோ என்னவோ, சகித்துக்கொள் என்று அவர் லயத்தில் பிரசங்கித்ததில்லை. விட்டுவிடாதே என்றுதான் சொல்வார். இரண்டும் ஒன்றல்ல. சகிப்பது பிறர் சுமத்தியதை. விடாதிருப்பது தானே ஏற்றதை.

அப்பாவின் கேள்விக்குப் பதில் மாதிரி ஒன்று எனக்குச் சுற்றுவழியாக, ஒரு அகராதியின் சரித்திரத்திலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு மூலம் அமெரிக்கன் மதுரை மிஷன். அதைத் தொடங்குவதற்காக 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு நிலைமை பார்க்க வந்தவர் லெவி ஸ்பால்டிங். அகராதி வேலையிலும் அவர் பெயர் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற பாதிரியார் தமிழ்ச் சொற்களைச் சேகரிக்க ஆரம்பித்து, முடிக்காமலே இறந்துபோனார். அந்தச் சேகரம் கைமாறிக் கைமாறி மிரன் வின்சுலோவிடம் வந்தது. அறுபத்தேழாயிரம் சொற்களுக்கு மேல் கொண்ட அகராதியாக 1862இல் சென்னையில் வெளியாயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில் வின்சுலோ இறந்தார். அவருடைய அகராதியைத் திருத்தி விரிக்க நினைத்துச் சொற்கள் சேர்த்துவைத்த ஜி.யு. போப் 1908இல் இறந்தார். 1913இல் அந்த வேலை ஜே.எஸ். சாண்ட்லரிடம் வந்தது. 1849இல் மதுரையில் பிறந்த மிஷனரி மகன்; தாமும் மதுரை மிஷன்காரர். ஒன்பது வருஷம் உழைத்து 1922இல் ஓய்வுபெற்றார். லெக்சிகனின் முதல் பகுதி அச்சாகி வந்தது 1924இல். சாண்ட்லர் 1934இல் காலமானார். ஆறு தொகுதிகளும் முடிந்தது 1936இல். ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு, நாலு லட்சத்துப் பத்தாயிரத்தில் போய் நின்றது.

முடித்தவர் யார்? 1926இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளை. மிஷனரி அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. வக்கீலாக இருந்து தமிழாராய்ச்சிக்கு வந்தவர். ஒரு ஜெபத்தில் ஆரம்பித்த வேலை அந்த ஜெபத்தைச் சொல்லாத ஒருவர் கையில் நிறைவேறியது. விசுவாசிகள் இதைத் தேவனின் ஏற்பாடு என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் நைட்டும் போப்பும் சாண்ட்லரும், தாம் எழுதியதை இன்னொருவர் வாசித்துத் தொடரும்படி எழுதிவைத்தார்கள் என்பது நிச்சயம்.

வேதாகமத்தின் கதையும் இதுதான். சீகன்பால்கு 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் வரைதான் வந்திருந்தது. மீதியை ஷுல்ட்ஸே முடித்தார். பிறகு வந்த பப்ரிஷியஸ் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார். அவர் கடனுக்காகச் சிறையிலும் இருந்தவர். 'முடித்தது' என்று எண்ணியது அடுத்தவருக்கு ஆரம்பமாகிறது.

இதை மலையில் காய் எடுக்கிற எந்தப் பெண்ணும் அறிவாள். ஏலச்செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. அடியில் காய் முற்றும்போது நுனியில் பூ இருக்கும். முற்றியதை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட்டு அவள் அடுத்த செடிக்குப் போகிறாள். முப்பது நாற்பது நாள் கழித்து, அடுத்த எடுப்புக்கு, அதே செடிக்கு வேறொரு கை வரும். ஒரே எடுப்பில் செடியை முடித்துவிட வேண்டுமென்று பிஞ்சையும் சேர்த்து உருவுகிறவளைக் கங்காணி சும்மா விடமாட்டார். பிஞ்சு ஸ்டோரில் காயும்போது சுருங்கிவிடும்; போடி ஏலக்கூடத்தில் அதற்கு விலையில்லை.

நம் வட்டத்துக்கு இது அந்நியமான விஷயமல்ல. போடிக்குப் பக்கத்தில் சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 'எழுத்து'வை 1959இல் தொடங்கி 119 இதழ்களோடு 1970இல் நிறுத்தினார். நின்றது என்று யார் சொல்வார்கள்? அவர் திறந்துவிட்ட இடத்திலிருந்துதான் பின்னால் வந்த பத்திரிகைகள் கிளம்பின. அவரே 'சுதந்திர தாக'த்தை 1997இல், இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, சொந்தச் செலவில் கொண்டுவந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு அவர் தேவனின் பெயரைச் சொல்லவில்லை. தன்மையில் என் அப்பாவினுடையதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

அப்பா விட்டுப்போனது ஒரு நீளமான கணக்கு நோட்டு. சபைக் குடும்பங்களின் பெயர், ஞானஸ்நானத் தேதி, எந்த லயம், மலையிறங்கிய வருஷம், போன ஊர். வலப்பக்கம் கடைசிப் பத்தியை எல்லாப் பக்கத்திலும் காலியாக விட்டிருந்தார், கோடு மட்டும் போட்டு. எதற்கென்று தலைப்பு எழுதவில்லை. எனக்கு அவருடைய விசுவாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் நின்று வெகுகாலமாகிறது. இருந்தும் அந்தக் குடும்பத்தாரில் யாரையாவது திருப்பூரிலோ தேனி பஸ் ஸ்டாண்டிலோ பார்க்க நேர்ந்தால், பிள்ளைகள் எத்தனை, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று கேட்டு அந்தப் பத்தியில் எழுதி வருகிறேன். இதுவரை பதினொரு குடும்பம். கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறேன்.